மாஸ்க் சொந்தம், சிலிண்டர் வாடகை

எங்கள் பக்கத்தில் நீச்சல் பழகுகிற பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் கிணற்றில் இறக்குவார்கள். சாணார்பட்டியைச் சுற்றி, நத்தம் சாலைக்கு இருபுறமும் இருக்கிற தோட்டங்களில், பாறையை வெடிவைத்து உடைத்து இறக்கிய அகலக் கிணறுகள் இருந்தன. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. ஐப்பசி, கார்த்திகை மழை சரியாகப் பெய்து ஊற்றுப் பிடித்துவிட்டால் தைப் பொங்கலுக்குப் பிறகும் தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கும். விடுமுறை நாளில் என் தாய்மாமா தெருப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு அங்கே போவார்.

அவர் எல்லோருக்கும் ஒரே குடுக்கையைக் கட்டியதே இல்லை. காய்ந்த குடுக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். ஒல்லியாக இருந்த எனக்கு ஒன்று. என்னைவிடச் சதைப்பிடிப்பாக இருந்த சித்தப்பா மகனுக்கு அதைவிடச் சின்னது. "அவன் உடம்பே மெதக்கும்டா, உனக்குத்தான் வேணும்" என்பார். கயிறு வயிற்றை அறுக்கக் கூடாது, மேலே நழுவிக் கழுத்தைப் பிடிக்கவும் கூடாது. கட்டி முடித்துவிட்டு இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்த பிறகே கையை விடுவார். காலில் நம்பிக்கை வந்ததும் குடுக்கை சிறிதாகும். அப்புறம் ஒருநாள் கயிறு அவிழும்.

நீச்சல் வந்த பிறகு முங்குவதில் போட்டி. அடியில் போய் ஒரு பிடி சேறு அள்ளிவந்து காட்டினால்தான் முங்கினதாகக் கணக்கு. பாதிக் கிணறு இறங்கும்போதே காது அடைத்துக்கொள்ளும், இன்னும் போனால் ஊசி குத்தும். கண்ணைத் திறந்தால் பச்சை மங்கலைத் தவிர ஒன்றும் தெரியாது. இறங்குமுன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மேலே வருகிற வரைக்கும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வயதில் தண்ணீரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

பல வருடங்களுக்குப் பிறகு, புதுச்சேரிக் கடலில் சிலிண்டர் கட்டி முங்குகிற ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போனேன். கிணற்றில் ஊறிய உடம்பு என்பதால் தண்ணீர்ப் பயம் இல்லை. முதல் வகுப்பிலேயே பயிற்றுநர் சொன்னது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "நீங்க இதுவரைக்கும் பழகினது மூச்சைப் பிடிக்கிறது. இங்க மூச்சைப் பிடிக்கவே கூடாதுங்க. எந்த நேரத்திலும்." காரணத்தையும் அவரே விளக்கினார். வெறும் மூச்சோடு முங்கும்போது நுரையீரலில் இருக்கிற காற்று ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போதோ ஆழத்திலும் நுரையீரல் முழுதாக நிரம்புகிறது. பத்து மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நிறைய மூச்செடுத்து, அதைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தால் அதே காற்று இரண்டு மடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழியும். இதற்குப் பத்து மீட்டர்கூட வேண்டாம். ஆள் உயரத் தண்ணீரிலேயே இந்த விபத்து நடந்திருக்கிறது.

இதை இங்கேயே சொல்லக் காரணம் என் அக்கா மகன். இன்ஜினீயரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து போனை நீட்டினான். "மாமா, மொத்த சாமானும் செலக்ட் பண்ணி வச்சிருக்கேன். நம்ம கெணத்துலயே போட்டுப் பார்த்துட்டு அப்புறம் க்ளாஸுக்குப் போகலாம்னு இருக்கேன்." வாய், மூக்கு, கண் எல்லாவற்றையும் மூடுகிற முழுமுக மாஸ்க், காலில் மாட்டுகிற நீளமான ஃபின்ஸ், ஒரு கத்தி, டார்ச், கடைசியாக ஒரு குட்டிச் சிலிண்டர். அரை லிட்டர் கொள்ளளவு. கையால் அடிக்கிற பம்ப்பும் சேர்த்தே விற்கிறார்கள்.

அந்தச் சிலிண்டரைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. கணக்கைப் போட்டுக் காட்டினேன். அரை லிட்டர் புட்டியில் 200 பார் அழுத்தத்துக்கு அடைத்தால் மொத்தம் நூறு லிட்டர் காற்று. சும்மா மிதக்கிற ஆளே நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது லிட்டர் இழுப்பான். ஐந்து நிமிடம் வரும். பத்து மீட்டர் ஆழத்தில் அதில் பாதி, பதற்றம் வந்தால் அதுவும் இல்லை. எங்கள் கிணற்றில், மூச்சைப் பிடித்தே பழகிய ஒரு பையன், காற்றுத் தீர்ந்த திகைப்பில் வாயை மூடிக்கொண்டு மேலே பாய்ந்தால் என்ன ஆகும் என்று மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே அதைப் பட்டியலிலிருந்து எடுத்தான். "மாப்ள, மூச்சு குடுக்கிற சாமானை முதல்ல வாங்காதே. முகத்துலயும் கால்லயும் உக்கார்ற சாமானை வாங்கு. மத்ததெல்லாம் இப்போதைக்கு வாடகை" என்றேன். தண்ணீருக்கடியில் போக ஆசைப்படுகிற எவரிடமும் நான் சொல்வது இதைத்தான்.

முதலில் மாஸ்க். இதற்காக எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். நம் கண் காற்றுக்குள் பார்க்கப் பழகியது. விழியின் முன்பக்கத்தில் ஒளி வளைந்து உள்ளே குவிவதால்தான் நமக்கு உருவம் தெரிகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் விழியினுடையதோடு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அந்த வளைவு நடப்பதில்லை. கிணற்றில் எல்லாம் மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். கண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கொஞ்சம் காற்றை நிறுத்திவைப்பதே மாஸ்க்கின் வேலை. நிறுத்திவைத்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும்.

மூக்கும் அந்தக் காற்றறைக்குள் இருக்க வேண்டும். நீச்சல்குளக் கண்ணாடியில் மூக்கு வெளியே நிற்பதால் ஸ்கூபாவுக்கு அது ஆகாது. ஆழம் போகப் போக கண்ணாடிக்குள் இருக்கிற காற்று சுருங்கி, கண்ணையே வெளியே இழுக்கும், வெள்ளை விழியில் இரத்தம் கட்டும். மூக்கு உள்ளே இருந்தால் அதன் வழியாகச் சிறிது காற்றை விட்டு ஈடுகட்டலாம். மூக்குப் பகுதி மெத்தென்ற சிலிகானாக இருந்தால் வெளியிலிருந்து விரலால் மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பையும் எடுத்துவிடலாம். சிறுவயதில் எச்சிலை விழுங்கி விழுங்கித் தோற்றுப்போன அந்தக் காதுவலிக்கு வைத்தியம் இவ்வளவு எளிது என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. அவன் பட்டியலில் இருந்த முழுமுக மாஸ்க்கை நான் வேண்டாம் என்றதும் இதனால்தான். இணையக் கடைகளில் பரவலாகக் கிடைப்பவை நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பதற்கு மட்டும் செய்தவை. அவற்றில் மூக்கைப் பிடிக்க வழியில்லை, சிலிண்டரோடு பொருத்தவும் முடியாது.

அவனைச் சென்னையில் ஒரு கடைக்கு அழைத்துப்போனேன். விலை அதிகமானதிலிருந்து தொடங்க நினைத்தவனிடம், விலைச்சீட்டைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக முகத்தில் வைக்கச் சொன்னேன். வார்ப்பட்டையைத் தலைக்கு மாட்டக் கூடாது, முன்பக்கம் ஒதுக்கிவிட வேண்டும். மாஸ்க்கை முகத்தில் மெல்ல வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை இழுத்து, கையை எடுத்துவிட வேண்டும். முகத்தோடு ஒட்டி அப்படியே நின்றால் அது அந்த முகத்துக்கானது. காற்று எங்கேயாவது கசிந்து மாஸ்க் விழுந்தால், எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். பட்டையை இறுக்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்கக் கூடாது. இறுக்கினால் ஓரம் மடங்கி இன்னும் கசியும், நெற்றியில் தழும்பு விழும். அகலக் கன்னம், ஒடுங்கிய கன்னம், உயர்ந்த மூக்குத்தண்டு என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் அமைப்பு. பெரிய பெயருள்ள மூன்று மாஸ்க் அவன் முகத்தில் நிற்கவில்லை. நடுத்தர விலையில் ஒன்று நின்றது. குனிந்தான், தலையை ஆட்டினான். விழவில்லை.

கண்ணாடி உறுதியூட்டப்பட்டதா என்று ஓரத்தில் பொறித்திருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கண்ணுக்குள் சில்லு. முகத்தில் படுகிற விளிம்பு சிலிகானாக, இரட்டை மடிப்போடு இருக்க வேண்டும். உள்ளே காற்றறை சிறிதாக இருந்தால் தண்ணீர் புகுந்தாலும் மூக்கால் ஒரே ஊதலில் வெளியேற்றிவிடலாம். என் மருமகன் கண்ணாடி போடுகிறவன். கிட்டப்பார்வைக்காரர்களுக்கென்றே பவர் லென்ஸ் மாற்றிப் போடக்கூடிய மாஸ்க் வகைகள் இருக்கின்றன. இரண்டு தனிக் கண்ணாடிகள் உள்ள மாஸ்க்காக இருந்தால் மாற்றுவது சுலபம். அவனுக்கு அப்படித்தான் போட்டு வாங்கினோம். மீசைக்காரர்களுக்கும் ஒரு விஷயம். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு மயிரை ஒட்ட வெட்டினால்தான் சிலிகான் தோலில் படியும். எங்கள் ஊரில் மீசையைத் தொடச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் மேல்விளிம்பை மட்டும் ஒதுக்கினால் போதும், முறுக்கு அப்படியே இருக்கும்.

இந்த மாஸ்க்கை அவன் எங்கள் கிணற்றில் தாராளமாகப் போட்டுப் பார்த்தான். சிலிண்டர் இல்லாமல், நான் படியில் உட்கார்ந்திருக்க, நீர்மட்டத்தில் மிதந்தபடி. புது மாஸ்க்கின் உட்புறம் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய பூச்சு இருக்கும், அது போகாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும். பற்பசையை விரலில் எடுத்துப் பலமுறை தேய்த்துக் கழுவினோம். இறங்குமுன் எச்சிலைத் தடவி அலசுவது உலகம் முழுதும் டைவர்கள் செய்கிற காரியம். சிறுவயதில் எனக்கு மங்கலாகத் தெரிந்த அதே பாறைச் சுவரில் கெண்டைக் குஞ்சுகள் மேய்வதை அவன் தெளிவாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

அடுத்து ஃபின்ஸ். கிணற்று நீச்சலில் தவளை மாதிரி முழங்காலை மடக்கி உதைப்போம். ஃபின்ஸ் போட்டு முதலில் பழகுகிற உதை வேறு. இடுப்பிலிருந்து, காலை நீட்டி, மெதுவாக அசைக்க வேண்டும். அதனால் ஆரம்பக்காரருக்கு மிகவும் விறைப்பான தகடோ, மூச்சடக்கி முங்குவோர் போடுகிற நீளத் தகடோ வேண்டாம். பதினைந்தாவது நிமிடத்தில் கெண்டைக்கால் புரளும். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் அலுமினியத் தகட்டைப் பாதத்தில் கட்டிக்கொண்டு முங்குவதுண்டு. ராமேசுவரம், பாம்பன் கரையில் கடல்பாசி எடுக்கிற பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றி, ரப்பர் செருப்பும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பாறைகளுக்கு நடுவே இறங்குகிறார்கள். 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாக நடந்த பெரிய முத்துக்குளிப்பு வரைக்கும் குளியாட்களுக்குக் கயிற்றில் கட்டிய கல்லும், மூச்சும்தான் துணை. கையில் கிடைத்ததை வைத்து அவர்கள் செய்துகொண்டதை நாம் கடையில் தேர்ந்தெடுக்கிற இடத்தில் இருக்கிறோம். அந்த மரியாதையோடு தேர்ந்தெடுக்கலாம்.

பாதத்தை முழுதாக மூடுகிற ஃபின்ஸை வெறுங்காலில் போடலாம், எடை குறைவு, விலையும் குறைவு. படகிலிருந்து குதிக்கிற நம் வெதுவெதுப்பான கடலுக்கு அதுவே போதும். குதிகால் திறந்து பட்டை வைத்த வகைக்கு ரப்பர் பூட்ஸ் தனியாக வாங்க வேண்டும். கரையிலிருந்து கல்லிலும் சிப்பியிலும் நடந்து இறங்குகிறவர்களுக்கு அது நல்லது. பூட்ஸை முதலில் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டுதான் ஃபின்ஸை அளவு பார்க்க வேண்டும். விரல் மடங்கக் கூடாது, குதிகால் வழுக்கக் கூடாது.

நீர்மட்டத்தில் மிதந்தபடி மூச்சுவிடுகிற ஸ்நார்க்கலுக்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. முழங்கை நீளத்துக்கு மேல் இல்லாத சாதாரணக் குழாய் போதும். நீளமாக இருந்தால் நாம் விட்ட மூச்சையே திரும்ப இழுப்போம். கத்தியையும் டார்ச்சையும் அவனே நீக்கிவிட்டான்.

இனி வாடகைச் சாமான்கள். ஊரில் எல்லோரும் "ஆக்சிஜன் சிலிண்டரா கட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்பார்கள். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான், வடிகட்டி, ஈரம் நீக்கி, 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. தூய ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் இதை நிரப்ப முடியாது. அதன் அழுத்தம் பத்து பார் அளவுதான், எண்ணெய்ப் புகையும் கலந்திருக்கும். சுவாசக் காற்றுக்கென்றே உள்ள கம்ப்ரசர், குறித்த காலத்துக்கு ஒருமுறை சிலிண்டரைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிப்பது, இவை எல்லாம் டைவ் சென்டரின் பொறுப்பு. பரவலாக இருக்கிற அலுமினியச் சிலிண்டர் பதினொரு லிட்டர், வெறுமனே பதினான்கு கிலோ எடை. சாணார்பட்டியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டரின் கதை என் இன்ஜினீயர் மருமகனுக்குப் பிடித்துப்போனது. 1943-ல் பிரான்ஸில் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காக்னானும் சேர்ந்து செய்தது. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் காரை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் காக்னான் உருவாக்கிய வால்வுதான் அதற்கு அடிப்படை. இஞ்சின் இழுக்கிறபோது வாயு தருகிற வால்வு, நுரையீரல் இழுக்கிறபோது காற்று தருகிற வால்வானது. சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை முதல் கட்டம் ஏறத்தாழ பத்து பாருக்குக் குறைக்கிறது. வாயில் இருக்கிற இரண்டாம் கட்டம் அதை அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து, நாம் இழுத்தால் மட்டும் திறக்கிறது. "அப்ப இதைத்தான் மாமா சொந்தமா வாங்கணும்!" என்றான். ஆசை நியாயம்தான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்த ஆள் பிரித்து, ரப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தம் சரிபார்க்க வேண்டிய கருவி இது. வருடத்தில் நாலைந்து முறை கடலுக்குப் போகிறவனின் ரெகுலேட்டர் பீரோவில் இருந்தே கெடும். சென்டரில் தினமும் ஓடுவது நல்ல பராமரிப்பில் இருக்கும். வாங்கிப் போடும்போது இரண்டு மூச்சு இழுத்துப் பார்த்து, அந்த நேரத்தில் அழுத்த மானியின் முள் ஆடாமல் நிற்கிறதா என்று கவனித்தால் போதும். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்கிற உடுப்பான பி.சி.டி-யைப் பொறுத்தவரை, என் மாமா குடுக்கை கட்டிய முறையைத்தான் நான் இன்னும் பின்பற்றுகிறேன். வாடகைதானே என்று கையில் கிடைத்ததை மாட்டக் கூடாது. காற்றை முழுதாக ஏற்றினால் விலாவை நெரிக்கக் கூடாது, காற்று இல்லாதபோது தோளிலிருந்து காதுவரை ஏறக் கூடாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வகையைக் கேட்டுப் போட்டுப் பார்த்தால், சொந்தமாக வாங்குகிற காலத்தில் உடம்பே பதில் சொல்லும்.

கீழே இறங்குவதற்காகக் கட்டிக்கொள்கிற ஈயக் கட்டியின் எடையில்தான் எங்கள் கிணற்றுக் கணக்குக் கடலில் பொய்த்தது. லிட்டர் கடல் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட இருபத்தைந்து கிராம் அளவுக்குக் கனம். சாமானோடு எண்பது, தொண்ணூறு கிலோ வருகிற ஆளைக் கடல் இரண்டு கிலோவுக்குமேல் கூடுதலாகத் தூக்கும். கிணற்றில் கல் மாதிரி இறங்கியவன் கடலில் தக்கை மாதிரி நிற்பான். மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட் உடுப்பைப் போட்டால் அதன் ரப்பர் நுரை இன்னும் மிதக்க வைக்கும். வெட்சூட் தேவையா என்று கேட்பவர்களுக்கு, நம் கடல் வெதுவெதுப்பானதுதான், ஆனால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை எடுத்துவிடும். முக்கால் மணி நேரத்தில் பல் அடிக்கும். உடலோடு ஒட்டுகிற அளவில் வாடகைக்கு எடுத்தால் போதும். ஜெல்லிமீனுக்கும் அதுவே காப்பு.

அவன் பயிற்சிக்குப் புதுச்சேரி போனபோது மாஸ்க்கும் ஃபின்ஸும் மட்டும் கையில். பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம் என்ற அட்டையோடு திரும்பினான். கழுவுவதற்கு எங்கள் போர்வெல் தண்ணீரை எடுக்கப் போனவனைத் தடுத்தேன். உப்புத்தண்ணீர், காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும். குடிதண்ணீரில் கடைசியாக ஒருமுறை அலசி, மொட்டைமாடி வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, மாஸ்க்கை அது வந்த பெட்டியிலேயே வைக்கச் சொன்னேன். கறுப்பு ரப்பரோடு சேர்த்து வைத்தால் தெளிந்த சிலிகானில் கறை ஏறும். தோட்டத்து வீடு என்றால் மூடியுள்ள டப்பா அவசியம், எலி விடாது.

அடுத்து டைவ் கம்ப்யூட்டர் வாங்கப்போவதாகச் சொல்கிறான். அதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆழம், நேரம், உடம்பில் ஏறியிருக்கிற நைட்ரஜன் எல்லாவற்றையும் கணக்கு வைக்கிற கருவி அது. ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை இறங்குகிறபோது முதல் முறையின் கணக்கு அடுத்த முறைக்கும் அதே கையில் இருக்க வேண்டும். வாடகையில் கருவி மாறினால் கணக்கு அறுந்துபோகும். எழுத்து பெரிதாகத் தெரிகிறதா, பேட்டரியை நாமே மாற்ற முடியுமா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரெகுலேட்டர் பேச்சையும் அவன் விடவில்லை. அதை சர்வீஸ் செய்கிற ஆள் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறார், உதிரிபாகம் வர எத்தனை நாளாகும் என்று விசாரித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு பேசலாம்.